துட்டி கேட்கப் போன ஞாயிற்றுக்கிழமை

1

எங்கள் அலுவலகத்தில் என்னை இரண்டு பெயர்களில் கூப்பிடுவார்கள். ஒன்று பேச்சி. இன்னொன்று அனுகம்பா.

மும்பையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், மாடிப்படியின் மேலிருந்து யாரோ "ஏ அனுகம்பா, இகடே யே" என்று மராத்தியில் சத்தம் கொடுத்தார்கள். இங்கே வா என்று அர்த்தம். தபால் கட்டோடு நின்ற நான் திரும்பினேன். என் பக்கத்தில் நின்ற அஸ்வினியும் திரும்பினாள். மேலே நின்ற அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் குழம்பினார். பிறகு கையை ஆட்டி, "நீ இல்லை, புதுசு" என்றார். அஸ்வினி படியேறிப் போனாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அரசாங்க வேலையில் இருக்கும் ஒருவர் பணிக்காலத்திலேயே இறந்துபோனால், அவர் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுப்பார்கள். நம் பக்கம் அதைக் கருணை அடிப்படை வேலை என்போம். இங்கே மராத்தியில் அதற்கு அனுகம்பா என்று பெயர். அந்த வழியில் வேலைக்கு வந்தவர்களையும் அதே பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். அஸ்வினியின் கணவர் எங்கள் இலாகாவில் டிரைவராக இருந்தவர். பொங்கல் சமயத்தில் தவறிப்போனார். அவள் வேலைக்கு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிடும்போது அவள் கேட்டாள். "தாயி, எத்தனை வருஷம் இப்படிக் கூப்பிடுவாங்க?" மராத்தியில் தாயி என்றால் அக்கா.

எனக்கு இருபது வருஷம் ஆகப் போகிறது என்று சொல்ல மனம் வரவில்லை. "அடுத்த அனுகம்பா வர்ற வரைக்கும்" என்றேன்.

அவள் சிரித்தாள். வேலைக்குச் சேர்ந்தபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

2

ஜோதியின் அப்பா இறந்ததும் இப்படி ஒரு மழைக்காலத்தில்தான். ஜோதி எங்கள் மகள். அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அவர் இதே இலாகாவில், தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறையில் வேலை பார்த்தார். முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தவருக்குக் காய்ச்சல் வந்தது. மஞ்சள் காமாலை என்றார்கள், எலிக்காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போது தாராவியில் ஒரே அறைதான் எங்கள் வீடு. பக்கத்து அறையில் வேலம்மாள் அக்கா. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் அம்மிக்குழவியை எடுத்தால் எங்கள் அலமாரியில் தட்டு ஆடும். அவள் வீட்டுக்காரர் மாட்டுங்காவில் ஒரு பில்டிங்குக்குக் கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஒரே மகன், குமார். அப்போது ஒன்பதாம் வகுப்பு. அக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். எங்கள் இருவருக்கும் நாங்குநேரிப் பக்கம்தான். ஆனால் ஊரில் ஒருவரை ஒருவர் தெரியாது, அந்தச் சுவர்தான் பழக்கிவைத்தது.

அவர் போன பிறகு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "பாவம், சின்ன வயசு" என்றார்கள். வேலம்மாள் அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்காரவே இல்லை. குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் எங்கள் டிரம்மையும் நிரப்பிவைப்பாள். ஜோதிக்குத் தலைவாரி விடுவாள். குமாரைக் கூப்பிட்டு, "பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு நீ போ" என்பாள். அவன் ஜோதியை சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துக்கொண்டு போவான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் என் கொழுந்தன் ஊருக்குக் கிளம்பவில்லை. ஒருநாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"மதினி, உங்களுக்கு இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. ஆபீசுல உங்களைப் போட்டு மிதிச்சிருவானுவ. வேலைய எம்பேருக்கு எழுதிக் குடுத்துருங்க. உங்களையும் பிள்ளையையும் ஊருல நான் வச்சுப் பாத்துக்கிடுதேன்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் நடிப்பு இல்லை. அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே என்மேல் இரக்கப்பட்டார். அதனால்தான் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நம்மைப் பார்த்துக் கண் கலங்குகிறவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வேலம்மாள் அக்கா தன் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள். "அவகிட்ட கேட்டேளா தம்பி?"

"கேக்கதுக்கு என்னக்கா இருக்கு. அவங்க நல்லதுக்குத்தான சொல்லுதேன்."

"நல்லதாத்தான் இருக்கும். அவகிட்ட கேட்டேளான்னு கேக்கேன்."

அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏட்டி, உனக்கு என்ன செய்யணும்னு இருக்கு?"

அவர் இறந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. "வேலைக்குப் போணும்க்கா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கொழுந்தன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே என்னை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் நின்று, தெரிந்த இந்தியில் பேசி, இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் அலைந்து கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறினார். அதையும் சொல்ல வேண்டும்.

3

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் குமாஸ்தா ஒருவர் என் பெயரைக் கேட்டார்.

"பேச்சி" என்றேன்.

"பேச்சாரி?" என்று திரும்பக் கேட்டார். பக்கத்து மேஜையில் சிரித்தார்கள்.

நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன். இந்தியில் பேச்சாரி என்றால் பாவப்பட்டவள், நாதியற்றவள் என்று பிறகுதான் தெரிந்தது. பேச்சியம்மன் எங்கள் குலதெய்வம். கோபக்காரி, காவல்காரி. அவள் பெயரைத் தாங்கி வந்தவள் இந்த ஊரில் ஒரே எழுத்தில் பரிதாபத்துக்குரியவள் ஆகிவிட்டேன். கொஞ்ச காலத்துக்கு அது வேடிக்கையாக நடந்தது. பிறகு வேடிக்கை போய்ப் பழக்கமாகிவிட்டது. "பேச்சாரியின் புருஷன் இறந்துவிட்டான்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும்போது, அது என் பெயரா, என் நிலைமையா என்று எனக்கே புரியாது.

எங்கள் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். சமஸ்கிருதம் படித்தவர். ஒருநாள் டீ குடித்தபடி என்னிடம் சொன்னார். "அனுகம்பா என்றால் லேசான சொல் இல்லை. கம்ப் என்றால் நடுங்குவது. இன்னொருவர் நடுங்கும்போது கூடவே நாமும் நடுங்குவது, அதுதான் அனுகம்பா." நம் அனுதாபமும் அப்படித்தானாம். தாபம் என்றால் வெப்பம், இன்னொருவரோடு கூடவே வேவது. அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரோடும் நடுங்கி நான் பார்க்கவில்லை. விண்ணப்பம் எழுதும்போது கடைசி வரியில் 'சஹானுபூதியோடு பரிசீலிக்கவும்' என்று, அதாவது இரக்கத்தோடு பார்க்கவும் என்று, போட வேண்டும். அதைப் போடாவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுப்பார்கள். முத்திரையைப் போல அதுவும் ஒன்று.

இந்தச் சொற்களையெல்லாம் நான் விழுங்கிக்கொண்டேன். ஜோதியால் முடியவில்லை.

அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, டீச்சர் மற்ற பிள்ளைகளிடம், "இவளிடம் அன்பாக இருங்கள், பேச்சாரிக்கு அப்பா இல்லை" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். பிள்ளைகளும் டப்பாவிலிருந்து ஆளுக்கொரு பிஸ்கட் கொண்டுவந்து இவள் பெஞ்சில் வைத்திருக்கிறார்கள். ஜோதி எதையும் தொடவில்லை. வீட்டுக்கு வந்து, "இனிமே ஸ்கூல்ல யாரும் டாடியப் பத்திப் பேசக் கூடாது" என்றாள். பிறகு வீட்டிலும் பேச்சு இல்லை. அவர் படம் சுவரில் இருந்தது. வெள்ளிக்கிழமை பூ வைப்பேன். அவள் அதைக் கடந்து போவாள், வருவாள். அவளுக்கு வலிக்கும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வலிக்கும் என்று அவள் கேட்கவில்லை. ஒரு அறை வீட்டில் இரண்டு பேரும் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

இப்போது அவளுக்கு இருபத்தாறு ஆகிறது. ஐரோலியில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை. தமிழ் பேசுவாள், ஆனால் இந்தி கலந்து. படிக்கத் தெரியாது. நான் எழுதும் இதையும் அவள் படிக்கப் போவதில்லை. போன வருஷம் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து எனக்குப் பாடம் எடுத்தாள்.

"மம்மி, சிம்பதி காட்டக் கூடாது. எம்பதி காட்டணும். சிம்பதின்னா மேலயிருந்து பாக்கறது. எம்பதின்னா அவங்க இடத்துல நின்னு பாக்கறது. சம்ஜே?"

"ரெண்டுக்கும் தமிழ்ல என்ன?"

கொஞ்சம் யோசித்தாள். "தமிழ்ல ரெண்டுக்கும் பாவம்தான் சொல்லுவீங்க" என்றாள்.

அவள் சொன்னது முழுத்தப்பும் இல்லை. நாம் எல்லாவற்றுக்கும் பாவம் என்போம். நனைந்த பூனைக்கும் பாவம், புருஷனை இழந்தவளுக்கும் பாவம்.

4

நாங்கள் செம்பூருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்பே வேலம்மாள் அக்கா பாண்டுப்புக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் தவறிய பிறகு, குமார் அங்கே வீடு எடுத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். அவன் ஏ.சி. ரிப்பேர் செய்கிறவன். கல்யாணமும் ஆனது. ஒரே ஊர், ஆனால் இரண்டு ரயில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசுவோம். வாரேன் வாரேன் என்று இரண்டு பக்கமும் சொல்வோம். புதுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பெயர்கூட எனக்கு இன்னும் தெரியாது. அம்மிக்குழவி உருளும் சத்தத்துக்காக இப்போதும் சில விடியற்காலைகளில் காது கொடுத்துக் கிடப்பேன்.

அஸ்வினியும் நானும் சேர்ந்து திரும்பிப் பார்த்த அந்த நாளுக்கு அடுத்த வாரம், புதன்கிழமை, அலுவலகத்தில் இருக்கும்போது போன் வந்தது. பாண்டுப்பிலிருந்து குமாரின் மச்சினன். குமார் விடியற்காலையில் எழுந்திருக்கவில்லையாம். தூக்கத்திலேயே மாரடைப்பு. முப்பத்து நான்கு வயது.

நான் விண்ணப்பம் எழுதிக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன்.

"யார் இறந்தது?"

"பக்கத்து வீட்டு அக்காவோட மகன், சார்."

"இப்போ பக்கத்து வீடா?"

"இல்லை சார். முன்னால, தாராவியில."

அவர் கெட்ட மனிதர் இல்லை. "ஐயோ, சாரி" என்றார். ஆனால் தணிக்கைக்கு ஆட்கள் வந்திருக்கும் வாரம் அது. உறவுக்காரர் என்றால் விதி இருக்கிறது. பழைய பக்கத்து வீட்டுக்காரருக்கு விதி இல்லை. தன்னால் மட்டும் முடியாது என்று தாளை மேலே அனுப்பினார். அது எந்த மேஜையில் நின்றதோ, எனக்குத் தெரியவில்லை. அஸ்வினி என் தபால் கட்டையும் தானே வாங்கிக்கொண்டு, "தாயி, நீ மாடிக்குப் போய் நில்லு, நின்னாத்தான் நகரும்" என்றாள். நின்றேன். சஹானுபூதியோடு பரிசீலித்து அனுமதி வந்தபோது சாயங்கால டீ முடிந்திருந்தது. மச்சினனுக்குப் போன் பண்ணினேன். எடுத்துக்கொண்டு போய்விட்டோம் என்றான்.

அந்தத் தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு, மிச்சத் தபால்களுக்கு முத்திரை போட்டேன். கை தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. குமார் சைக்கிளை மிதிக்கும்போது முதுகு ஒரு பக்கமாகச் சாயும். அதுதான் கண்ணுக்குள் நின்றது.

5

ஞாயிற்றுக்கிழமை துட்டி கேட்கப் போகக் கிளம்பினேன். நானும் வருகிறேன் என்றாள் ஜோதி. நான் எதிர்பார்க்கவில்லை.

ரயிலில் அவள் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மம்மி, இது கரெக்டா பாரு" என்று மெல்லிய குரலில் சொன்னாள். "எனது ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கிறேன்." போனில் தேடி, ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். எல்லா எழுத்தும் சரியாக வந்தது. ஆனால் குமாரின் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

"அது போஸ்டர்ல போடுறது. அக்காகிட்ட அப்படிப் பேசக் கூடாது."

"பின்ன என்ன சொல்லணும்?"

"ஒன்னும் சொல்லாண்டாம். நாம துட்டி கேக்கத்தான் போறோம்."

"துட்டின்னா?"

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். அங்கே போவதைத் துட்டி கேட்கப் போவது என்போம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதைத்தான் சொன்னேன். அவள் விடவில்லை.

"கேக்கறதுன்னா என்ன கேக்கணும்? எதாவது கொஸ்டின் இருக்கா?"

நான் எத்தனையோ வீட்டில் துட்டி கேட்டிருக்கிறேன். என்ன கேட்டேன் என்று யோசித்ததே இல்லை. போய் உட்காருவோம், அழுவோம், எழுந்து வருவோம். அனுதாபத்தைத் தெரிவிக்கிறார்கள், ஆறுதலைச் சொல்கிறார்கள், துட்டியை மட்டும் கேட்கிறோம். அந்தச் சொல்லை அவள் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கே அது கண்ணில் பட்டது. "சும்மா ஒரு பேச்சுட்டி அது" என்று சொல்லிவிட்டேன். அவள் போனை மூடிப் பைக்குள் வைத்தாள்.

பாண்டுப்பில் மேட்டுத் தெருவில் அக்காவின் வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே குமாரின் மனைவி சரண்யா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடித்தபடி இருந்தார்கள். வேலம்மாள் அக்கா தண்ணீர் டிரம் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. நான் போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அவள் அழவில்லை.

"புதன்கிழமையில இருந்து இப்படித்தான் இருக்காவ" என்றாள் ஒரு பெண் என் காதில். "ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. வாய்க்குள்ள பேச்சும் இல்ல."

வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது சொன்னார்கள். ஒருவர் விதி என்றார். ஒருத்தி, "கெடையில கெடக்காம போயிட்டான்லா, அந்த மட்டும் நல்லது" என்றாள். "மனசத் தேத்திக்கிடுங்க, மருமகளுக்கு நீங்கதான தைரியம் சொல்லணும்" என்றாள் இன்னொருத்தி. அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். முன்பு நானும் இப்படித்தான் ஆட்டியிருப்பேன்.

ஜோதி எழுந்துபோய் அக்காவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பெரிம்மா, நான் ஜோதி."

"தெரியுதுட்டி."

"குமார் அண்ணாவப் பத்திக் கேக்க வந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் பேச்சு நின்றது. நான் அவள் தோளைத் தொட்டு, "ஏட்டி, சும்மா இரி" என்றேன். சொல்லுக்கு நேர் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு இந்தப் பிள்ளை கேள்வி கேட்க வந்திருக்கிறது.

அக்கா அவளையே பார்த்தாள். "என்னத்தக் கேக்க?"

"நான் சின்னதுல பாத்ததுதான். சைக்கிள்ல கூட்டிட்டுப் போவாரு. அப்புறம் பெரிசாகி எப்படி இருந்தாருன்னு தெரியல. எப்படி இருந்தாரு பெரிம்மா?"

அக்கா கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள். பிறகு சொன்னாள்.

"சோத்துல மொளகு கெடந்தா ஆகாது அவனுக்கு. ஒன்னொன்னாப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வரிசையா வப்பான். சின்னப்பிள்ளையில வச்சான். போன செவ்வாக்கெழம ராத்திரியும் வச்சான். பொண்டாட்டி முன்னால வைக்காதல, சிரிப்பான்னு சொல்லுவேன். கேக்க மாட்டான்."

"அப்புறம்?"

"மத்தியானம் எங்க வேலை பாத்தாலும் போன் பண்ணுவான். சாப்ட்டியாம்மான்னு கேப்பான். நான் ஆமான்னு சொல்லதுக்குள்ள வச்சிருவான். பதில் கேக்க மாட்டியாலன்னு கேட்டா, நீ போன் எடுத்தியே, அதுவே பதிலுதாங்கான்."

சரண்யா சுவரிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்கிட்டயும் அப்படித்தான், அத்தை" என்றாள்.

"ஓங்கிட்டயுமா?" அக்கா மருமகள் பக்கம் திரும்பினாள். "எனக்கு மட்டும்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சாவு வீட்டில் சிரிப்பா என்று வாசலில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. அக்கா தரையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். சரண்யா நகர்ந்து வந்து அவள் மடியில் விழுந்தாள். ஜோதி பயந்துபோய் என்னைப் பார்த்தாள், தப்பு செய்துவிட்டோமோ என்று. நான் இல்லை என்று தலையை அசைத்தேன்.

அழுது முடித்து அக்கா தண்ணீர் குடித்தாள். பிறகு நிறையப் பேசினாள். முதல் சம்பளத்தில் அவன் அம்மாவுக்குச் செருப்பு வாங்கி வந்தது, அது இரண்டும் ஒரே கால் செருப்பாக இருந்தது, மாற்றப் போனவன் கடையை மறந்துவிட்டது. சரண்யா நடுநடுவே திருத்தினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெயில் சாயும்போதுதான் எழுந்தோம்.

துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் வழக்கம். சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். ஜோதிக்கு அது தெரியாது. நான் சொல்லிவைக்க மறந்துவிட்டேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "பெரிம்மா, போய்ட்டு வரேன்" என்று சத்தமாகச் சொன்னாள்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வேலம்மாள் அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "வாட்டி" என்றாள். "இன்னும் எம்புட்டோ கெடக்கு. வந்து கேளு."

6

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. இரண்டு பேருக்கும் ஜன்னல் ஓரம் கிடைத்தது. மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. காஞ்சூர் மார்க் போனது, விக்ரோலி போனது. ஜோதி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"மம்மி, டாடி சாப்பாட்டுல என்ன ஒதுக்குவாரு?"

இத்தனை வருஷமாக அந்த மனிதரைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆளில்லாத வீட்டில் யாரோ கதவைத் தட்டியதுபோல் இருந்தது.

"ஒன்னும் ஒதுக்க மாட்டாரு" என்றேன். "முருங்கைக்காய மட்டும் மென்னு மென்னு நார வச்சுக்கிட்டே இருப்பாரு. போதும் துப்புங்கன்னு நான் சொல்லணும்."

"கோபம் வருமா?"

"வரும். வந்தா பேச மாட்டாரு. வெளிய போயி அக்கா வீட்டுக்காரர்கிட்ட இஸ்திரிப் பெட்டிய வாங்கி, ஊர்ச் சட்டையெல்லாம் தேச்சுக்கிட்டு நிப்பாரு. ஒருநாள் யாரோ ஒரு ஐயர் வீட்டுப் பட்டு வேட்டியத் தீச்சுட்டாரு."

அவள் சிரிப்பை அடக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாரு?" என்றாள்.

அது அவளுக்கு நினைவில் இருக்கும் என்று நான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஜோதின்னு கூப்பிட மாட்டாரு. மேடம்னு கூப்பிடுவாரு. ஆபீசுலருந்து வந்து கதவத் தட்டிட்டு, மேடம், உள்ள வரலாமான்னு கேட்டுக்கிட்டு நிப்பாரு. நீ வாங்கன்னு சொன்னாத்தான் செருப்பக் கழட்டுவாரு. சில நாளு வேணும்னே சொல்ல மாட்ட. அப்படியே நிப்பாரு, மழையில."

"மேடமா" என்றாள் ஜோதி. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

குர்லா வந்தது. செம்பூருக்கு அங்கே இறங்கி வண்டி மாற வேண்டும். பெண்கள் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்கள். நானும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஜோதி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் துடைக்கவில்லை.

"உக்காரு மம்மி. இன்னும் சொல்லு."

உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. அடுத்து வந்தது சயான், தாராவிக்காரர்கள் இறங்கும் ஸ்டேஷன். அங்கேயும் நாங்கள் இறங்கவில்லை. மாட்டுங்கா, தாதர் என்று வண்டி போய்க்கொண்டிருந்தது. நான் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.